அணில் பேசிய பக்கம்

அச்சில் தன் பெயரைப் பார்க்கிறவன் கண்ணுக்கு வேறு எதுவும் தெரியாது. பாகூர் ஏரிக்குத் தெற்கே இருந்த சின்ன மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் சூசைநாதனுக்கும் அப்படித்தான் ஆயிற்று. ஆனி மாதத்தில் ஒரு காலை, புதுச்சேரி அச்சுக்கூடத்திலிருந்து மாட்டு வண்டியில் ஒரு கட்டு வந்து இறங்கியது. கத்தி தேடப் பொறுமை இல்லாமல் சணல் கயிற்றைப் பல்லால் கடித்து அவிழ்த்தான். உள்ளே அறுபது புத்தகம். ஒவ்வொன்றும் முப்பத்திரண்டு பக்கம். அட்டையில் ஒரு பனந்தோணி; தோணியில் ஒரு நீர்நாய், எதிரே வாலைத் தூக்கிக்கொண்டு ஓர் அணில். கீழே கொட்டை எழுத்தில் அவன் பெயர்.

"அணிலுக்கு ஒங்க மூக்கையே வச்சிருக்காங்களே" என்றாள் அவன் மனைவி செலின் மேரி. சூசைநாதனுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

பிள்ளைகளுக்காக எழுதிய மிருகக் கதை அது. ஓர் ஏரியின் மடையை ஒரு நீர்நாய் காவல் காக்கிறது. கோடுகள் கீறிய மதகுக் கல்லில் குச்சி நட்டு, அதன் நிழல் மூன்றாம் கோட்டைத் தொட்டதும் பலகையை இறக்குவது அதன் வேலை. ஒரு நாள் நல்ல வெயில். "மடை எங்கேயும் ஓடிவிடாது, இந்த நாள்தான் ஓடிவிடும், வா!" என்று சொல்லி, நீர்நாய் தன் சிநேகிதன் அணிலைத் தோணியில் ஏற்றிக்கொண்டு ஏரி நடுவே உள்ள கொக்குத் திட்டுக்குப் போகிறது. இரண்டும் மல்லாந்து படுத்து மேகத்தைப் பார்க்கின்றன. நேரம் போனது தெரியவில்லை. மடைத் தண்ணீர் வழிந்து எறும்புகளின் தானியம் நனைந்துபோகிறது. மிருகங்கள் எல்லாம் கூடி நீர்நாயை விரட்டப் போகும்போது அணில் முன்னால் வந்து பேசுகிறது. அந்தப் பேச்சைக் கேட்டு எல்லாரும் மனம் இளகி, தானியத்தை வெயிலில் பரப்பிக் காயவைக்கிறார்கள். கதை முடிந்தது. முன்னுரையில் சூசைநாதன் எழுதியிருந்தான்: வேலை செய்யத் தெரிந்த பிள்ளைக்குச் சும்மா இருக்கவும் தெரியவேண்டும்; சும்மா இருப்பதற்கு ஒரு சிநேகிதன் வேண்டும்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு.

புத்தகம் வருவதற்கு முன், தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. கண் விழித்தபோது சூசைநாதனுக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம், வேறொன்றும் இல்லை. காய்ச்சல் என்று பங்குச் சாமியாருக்குச் சொல்லியனுப்பினான். செலின் மேரி போட்டுக் கொடுத்த கஷாயத்தை முகம் சுளித்துக் குடித்தான். அவள் துணி மூட்டையோடு குளத்துக்குப் போனதும் கொல்லைப்புறமாக இறங்கி, பனந்தோப்பு வழியே ஏரி மதகுக்கு நடந்தான்.

மதகின் மேல் தணிகைவேல் உட்கார்ந்து வறுத்த மணிலாக்கொட்டையை உடைத்துக் கடலையை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். தணிகைவேல்தான் அந்த மதகுக்கு நீர்க்கட்டி. எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் அவன் பொறுப்பு. ஆண்டுதோறும் ஆடியில் குடியானவர்கள் மதகடி ஐயனார் முன்னால் கூடி, கற்பூரம் ஏற்றி, நீர்க்கட்டியைத் தேர்ந்தெடுப்பார்கள். ஏழு வருஷமாக வேறு பேர் யார் வாயிலும் வந்ததில்லை. அறுவடைக்கு ஒவ்வொரு வயலிலும் ஒரு கட்டுக் கதிர் அவனுக்கு. சொந்தமாக அரைக்காணிகூட இல்லாத அவன் குடும்பம் அந்தக் கதிரில்தான் சாப்பிட்டது.

வாத்தியாருக்கும் அவனுக்கும் எப்படி ஒட்டிக்கொண்டது என்று ஊரில் யாருக்கும் விளங்கியதில்லை. ஒருவன் வில்லியனூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவன், நாலு எழுத்துப் படித்தவன். மற்றவனுக்குக் கைநாட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் இரண்டு பேரும் தோணியில் இருப்பார்கள். மீன் பிடிப்பதும் இல்லை, பூப்பறிப்பதும் இல்லை. சும்மா இருப்பார்கள். சூசைநாதன் வாழ்க்கையில் வேறு யாரோடும் அப்படிச் சும்மா இருந்ததில்லை.

"இன்னா வாத்தியாரே, இன்னிக்கு ஸ்கூலு இல்லியா?"

"காய்ச்சல்" என்று சொல்லிச் சிரித்தான் சூசைநாதன். "வா, திட்டுக்குப் போவோம். புதுசா என்னமோ பறவை வந்திருக்காம்."

"இன்னிக்கு முடியாதுபா. சிவப்பிரகாசம் கரும்புக்குத் தண்ணி போவுது. மூணாங் கோட்டுல நிறுத்தணும். அவுரு வயலுக்குக் கீழதான் தையலம்மா வயலு. அறுத்த அரி காயுது. வழிஞ்சா அது தலையிலதான் போயி நிக்கும்."

"நிழல் இன்னும் முதல் கோட்டுக்கே வரலையே. மடை எங்கியும் ஓடிடாது தணிகை, இந்த நாளுதான் ஓடிடும். வா!"

ஆமாம். அதைச் சொன்னது சூசைநாதன்தான்.

தணிகைவேல் நிழலைப் பார்த்தான், ஏரியைப் பார்த்தான், கடைசியாகச் சிநேகிதன் முகத்தைப் பார்த்தான். மணிலாக்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு எழுந்தான். திரும்பி வந்தபோது நிழல் மூன்று கோட்டையும் தாண்டிக் கல்லை விட்டே இறங்கியிருந்தது. கரும்பு வயலை நிறைத்த தண்ணீர் வரப்பை உடைத்துக்கொண்டு தையலம்மாள் வயலில் முழங்கால் அளவு நின்றது. அறுத்துப் பிடிபிடியாகப் போட்ட நெல் அரியெல்லாம் அதில் ஊறிக் கிடந்தது. தையலம்மாள் புருஷனை இழந்தவள். அந்த ஒரு காணிதான் அவளுக்கும் அவள் மகனுக்கும் ஒரு வருஷத்துச் சாப்பாடு. மூன்றாம் நாள் நெல் முளை விட்டுவிட்டது.

ஊர் கேட்டதற்குத் தணிகைவேல் நண்டு மேல் பழியைப் போட்டான். வரப்பில் நண்டு வளை இருந்ததாம், அதில் உடைத்துக்கொண்டதாம். நண்டு வளையில் வரப்பு உடைவது அந்தப் பக்கத்தில் புதிதல்ல, நம்பிவிட்டார்கள்.

"ஏம்பா பொய் சொன்னே?" என்று சூசைநாதன் கேட்டபோது தணிகைவேல், "திட்டுக்குப் போனேன்னு சொன்னா கூட யாருன்னு கேப்பாங்க. ஒன் பேரு வந்தா ஒன் காய்ச்சலும் வெளிய வரும். சாமியாரு ஒன்ன வேலைய வுட்டுத் தூக்கிடுவாரு. வுடு, நண்டு இன்னா கோர்ட்டுக்கா போவப் போவுது?" என்றான்.

அந்தத் தையிலும் வழக்கம் தப்பாமல் தையலம்மாள் வாத்தியார் வீட்டுக்கு ஒரு படி புது அரிசி கொண்டுவந்து வைத்தாள். மகன் அவனிடம் படிக்கிறானே. "கொஞ்சம் மொள வாட அடிக்கும், கோச்சிக்காதீங்க" என்றாள். செலின் மேரி பொங்கிப் போட்டாள். சூசைநாதன் ஒரு பருக்கை விடாமல் தின்றான். மிச்சம் வைக்க அவனுக்குத் துணிச்சல் இல்லை.

மனசு உறுத்தியதால்தான் கதை எழுத உட்கார்ந்தான். அது நிஜம். ஆனால் பத்துப் பக்கம் போவதற்குள் உறுத்தல் போய் ருசி வந்துவிட்டது. நீர்நாய்க்குத் தணிகைவேலின் இடப்பக்கம் சாய்ந்த தலைப்பாகையைக் கட்டிவிட்டான். பேசும்போது ஒரு காலால் இன்னொரு கெண்டைக்காலைச் சொறியும் பழக்கத்தைக் கொடுத்தான். மடியில் மணிலாக்கொட்டையையும் வைத்தான். அணிலுக்கு மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. அணிலுக்குப் பள்ளிக்கூடமும் இல்லை, காய்ச்சலும் இல்லை, கஷாயமும் இல்லை. "வா!" என்று கூப்பிட்ட வார்த்தையைக்கூட நீர்நாயின் வாயில் வைத்துவிட்டு, அணிலை வெறுமனே தோணியில் ஏற்றினான். கடைசியில் ஊர்கூடி நிற்கும்போது பேசுகிற பெருந்தன்மையை மட்டும் அதற்குத் தாராளமாகக் கொடுத்தான். எழுதுகிறவன் கையில் பேனா இருந்தால் நியாயத் தராசும் தன் கையில் என்று நினைத்துக்கொள்கிறான்.

தணிகைவேலிடம் ஒரு புத்தகத்தைக் கொடுத்து, "நீயும் நானும் ஏரியில போற கதை" என்று மட்டும் சொன்னான். படிக்கத் தெரியாத தணிகைவேல் அட்டையைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். "மீசகூட என்னாட்டமே இருக்குதே!" சந்தைக்கும் சாவடிக்கும் அதைத் தூக்கிக்கொண்டு போய், "இந்த நீர்நாய் நான்தான், நம்ம வாத்தியாரு எழுதினது" என்று பார்த்தவர்களுக்கெல்லாம் காட்டினான். பள்ளிக்கூடத்தில் சூசைநாதன் புத்தகத்தைப் பாடமாகவே வைத்தான். அணில் பேசும் பக்கத்தை மனப்பாடம் செய்யவும் சொன்னான். பிள்ளைகள் வீட்டுக்கு வீடு உரக்கப் படித்தார்கள். தலைப்பாகையும் மணிலாக்கொட்டையும் மூன்றாம் கோடும் கேட்ட பெரியவர்கள், எறும்புகளின் தானியம் நனைந்த இடம் வந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு வாரம் கழித்துத்தான் சூசைநாதனுக்கு விஷயம் உறைத்தது. தெருவில் போன தணிகைவேலைப் பார்த்து இரண்டு பயல்கள், "மடை எங்கேயும் ஓடிவிடாது, வா!" என்று ராகம் போட்டுக் கத்தினார்கள். தணிகைவேல் நின்றான். அவனுக்கு அந்த வார்த்தை தெரியும். யார் சொன்னது என்பதும் தெரியும். திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட்டான்.

ஆடிக் கூட்டத்தில், தண்ணீர் முறையும் நீர்க்கட்டி பேரும் குறிக்கும் முறைச் சீட்டு எழுதுவது வாத்தியார் வேலை. எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்ற முறையில் நாலு வருஷமாக அவன்தான் ஐயனார் எதிரே பலகை போட்டு உட்காருவான். அந்த வருஷம் காலையில் மறுபடியும் காய்ச்சல் என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. தன்னையே காறித் துப்பிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

சிவப்பிரகாசம் பெரிய நிலக்காரர். கூட்டத்தில் முதல் பேச்சு அவருடையது. அவர் கோபப்படவில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது.

"தணிகைவேலு, நண்டு வளைன்னு சொன்ன. நாங்க நம்பிட்டோம். இப்ப புள்ளைங்க வேற கத படிக்குது. கற்பூரம் எரியுது. கைய வச்சி, அன்னிக்கு மடைய வுட்டு நவரலன்னு ஒரு வார்த்த சொல்லு. முடிஞ்சுது."

தணிகைவேல் கற்பூரத்தைப் பார்த்தான். கை நீளவில்லை.

"சத்தியம் வாணாங்க. போனேன். திட்டுக்குப் போனேன்."

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தையலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கூட யாரு?"

சூசைநாதனின் கையில் பேனா இருந்தது. எழுந்து நில், எழுந்து நில் என்று உள்ளே ஒருவன் கத்துவது அவனுக்கே கேட்டது. பள்ளிக்கூடம், சாமியாரின் முகம், செலின் மேரி, குடியிருக்கும் மிஷன் வீடு எல்லாம் வரிசையாக வந்து மடியில் உட்கார்ந்துகொண்டன. எழுந்திருக்க விடவில்லை.

தணிகைவேல் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "யாருமில்லீங்க. தனியாத்தான் போனேன்" என்றான்.

"கதையில அணிலுன்னு ஒண்ணு வருதே?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது கதைக்கு வச்சது" என்றான் தணிகைவேல்.

புது நீர்க்கட்டியாகப் பக்கிரி என்ற வேறொருவன் பேர் சொல்லப்பட்டது. யாரும் மறுக்கவில்லை. "எழுதிக்குங்க வாத்தியாரே" என்றார் சிவப்பிரகாசம். சூசைநாதன் எழுதினான். தணிகைவேல் என்ற பேரை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் பக்கிரி என்று எழுதினான். கையெழுத்து எப்போதும்போல அழகாகவே விழுந்தது. அதை நினைத்தால் பல நாள் கழித்தும் அவனுக்குக் குமட்டியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. ஆனால் உள்ளூர்ச் சாமியாரிடம் எப்படிப் போவது? பள்ளிக்கூடத்தை நடத்துகிறவரே அவர்தான். காய்ச்சல் பொய்யும் அவரிடம் சொன்னதுதான். அதனால் வண்டி பிடித்து வில்லியனூருக்கே போனான். அங்கே முகம் தெரியாத ஒரு வயசான சாமியார் பாவசங்கீர்த்தனத் தொட்டியின் மரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். ஒரு செபமாலை சொல்லும்படி அபராதம் விதித்தார். பிறகு, "இதை என்கிட்டச் சொல்ல இவ்வளவு தூரம் வந்திருக்கியே தம்பி, சொல்ல வேண்டிய இடம் உங்க ஊரிலேயே இல்லையா?" என்று கேட்டார். சூசைநாதன் செபமாலையைச் சொல்லி முடித்தான். ஐம்பத்து மூன்று மணியும் விரலில் உருண்டன. நெஞ்சில் இருந்தது அங்கேயேதான் இருந்தது.

தணிகைவேல் கரிக்கலாம்பாக்கத்தில் கரும்பு வெட்டும் கூலிக்குப் போனான். விடிவதற்கு முன் போய் இருட்டும்போது வருவான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருப்பான். தோணி மதகடியில் கவிழ்ந்தே கிடந்தது. சூசைநாதன் அவன் வீட்டுப் பக்கம் போவதையே விட்டுவிட்டு வேறு தெரு வழியாகச் சுற்றிப் போனான். தணிகைவேலின் மகள் தனக்கொடி மூன்றாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்காருவாள். அவள் முகத்தைப் பார்க்காமல் பாடம் நடத்தப் பழகிக்கொண்டான்.

புரட்டாசியில் ஒரு ஞாயிறு காலை தனக்கொடியே வந்து நின்றாள். "அப்பா வரச் சொன்னாரு ஐயா. புஸ்தகத்தையும் எடுத்தாரச் சொன்னாரு."

போனான். தணிகைவேல் வேலியோரம் ஒரு பாயை உதறிப் போட்டுக்கொண்டிருந்தான். கை முழுக்கக் கரும்புத் தோகை கிழித்த கோடுகள். மணிலாக்கொட்டையைச் சிநேகிதன் பக்கம் தள்ளினான்.

"குந்து வாத்தியாரே. ஊரே படிச்சிடுச்சு, நான்தான் இன்னும் முழுசாக் கேக்கல. நீ படி. ஒன் வாயால கேக்கணும்."

சூசைநாதன் படித்தான். தணிகைவேல், நீர்நாய் கெண்டைக்காலைச் சொறிகிற இடத்தில் கைதட்டிச் சிரித்தான். மேகத்தைப் பார்த்துப் படுத்திருக்கும் இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான். "நல்லாத்தான்டா எழுதியிருக்க. அன்னிக்கு அப்பிடித்தான் இருந்துச்சு" என்றான். "மடை எங்கேயும் ஓடிவிடாது" வந்தபோது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, "அத நீயில்ல சொன்ன?" என்றான்.

"கதைக்காக மாத்தினேன்."

"செரி, செரி. மேல படி."

எறும்புகளின் தானியம் நனைந்தது. மிருகங்கள் கூடின. நீர்நாய் தலைகுனிந்து நின்றது. அடுத்த பக்கம் அணில் பேசும் பக்கம். சூசைநாதன் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, "எல்லா மிருகங்களும் தானியத்தை வெயிலில் பரப்பின" என்று படித்து முடித்துப் புத்தகத்தை மூடினான்.

தணிகைவேல் ஒரு கொட்டையை உடைத்தான். பருப்பை வாயில் போடவில்லை.

"அணிலு பேசுற எடத்த வுட்டுட்டியே வாத்தியாரே. தனக்கொடி தெனம் சொல்லிச் சொல்லிப் பாக்குதே, அது. எனக்கு அந்த எடந்தான் ரொம்பப் புடிச்சிருந்துச்சு."

சூசைநாதன் புத்தகத்தைத் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை.

தணிகைவேல் மகளைப் பார்த்தான். "நீ சொல்லும்மா."

தனக்கொடி பாயின் முன்னால் வந்து நின்றாள். வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடியே கைகளைக் கட்டி, கால்களைச் சேர்த்து, நிமிர்ந்து, கணீரென்று ஆரம்பித்தாள்:

"சபையோரே, கேளுங்கள். தோணியில் போனது இரண்டு பேர். திட்டில் படுத்தது இரண்டு பேர். சந்தோஷத்தில் பாதி எனக்கு என்றால், குற்றத்திலும் பாதி எனக்கு. இவனை விரட்டினால் என்னையும் விரட்டுங்கள். வெயிலில் மட்டும் கூட இருப்பவன் சிநேகிதன் அல்ல."

ஒரு மூச்சில் சொல்லி முடித்தாள். பிறகு வாத்தியார் முகத்தை ஆவலோடு பார்த்தாள்.

"தப்பில்லாம சொன்னேனா ஐயா?"

"ஒரு எழுத்துகூடத் தப்பில்லம்மா" என்றான் சூசைநாதன்.

தணிகைவேல் அவனைப் பார்க்காமல் பாயின் ஓரத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தான். சூசைநாதன் எழுந்தான். வாசலுக்கு வந்ததும் தெரு இரண்டாகப் பிரிந்தது. ஒன்று மிஷன் வீட்டுக்கு, ஒன்று தையலம்மாள் வீட்டுக்கு. தையலம்மாள் வீட்டுப் பக்கம் திரும்பினான். போகும்போதே அந்த வார்த்தைகளை வாய்க்குள் சொல்லிப் பார்த்தான். அவன் எழுதியதுதான், ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மனப்பாடமாக வைத்ததுதான். ஆனாலும் "தோணியில் போனது" என்பதற்கு மேல் அவனுக்கு வரவில்லை. நின்று, முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தான்.